பட்டியலில் மூன்றாவது வரி

1

இப்போதெல்லாம் யாரும் எதையும் படிப்பதில்லை. செல்போனில் ஒரு கட்டம் வந்து நின்றால் போதும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஓர் எழுத்துகூடப் பார்க்காமல் 'சரி' என்ற இடத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கிவிடுகிறார்கள். போன வாரம் எங்கள் வீட்டு மாப்பிள்ளை என் கண் முன்னால் நாலு தடவை அமுக்கினார்.

"என்ன கேட்டுச்சு மாப்ள?"

"தெரியல மாமா. சரின்னு போட்டாத்தான் அடுத்ததுக்குப் போகும்."

"உங்க வீட்டை எழுதிக் கேட்டிருந்தா?"

"கேட்டிருக்காது மாமா," என்று சிரிக்கிறார். எப்படித் தெரியும் கேட்டிருக்காது என்று? படித்தால்தானே தெரியும்.

அந்த எரிச்சலில்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். எரிச்சலில் பிறந்த கதை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுத்தாளன் இல்லை. எட்டாவதோடு படிப்பு நின்றது. மூன்று மாடி ஆஸ்பத்திரி ஒன்றில் கரண்ட், தண்ணீர் மோட்டார், லிஃப்ட் மூன்றையும் முப்பத்தோரு வருடம் பார்த்துக்கொண்டேன். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிப்பவன் ஓர் எழுத்தையும் தாண்டிப் போக மாட்டான். இதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

கதை எதைப் பற்றி என்றால், ஒரு ஃபயர்வால் பெட்டியின் உள் முகவரிப் பட்டியலையும், மூன்றாவது மாடிக்கு ஒரு மெயில் வந்து சேர்ந்ததையும் பற்றி. சிரிக்காதீர்கள். அந்த மெயிலில் ஒரு கழுத்து மாட்டிக்கொண்டிருந்தது.

2

முதல் தொடக்கம்: 'அன்று காலை வானம் மூட்டமாக—'

இதை நிறுத்திவிட்டேன். நான் இருந்தது சுவிட்ச் ரூமில். அதற்கு ஜன்னல் கிடையாது. வானம் எப்படி இருந்தது என்று எனக்கெப்படித் தெரியும்?

இரண்டாவது தொடக்கம்: 'ஒரு அறையில் ஒரு பெட்டி இருந்தது. அது யாரையும் நம்பாது.'

இது எனக்குப் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரி படித்துவிட்டு, "இது பெட்டியைப் பத்தியா, உங்களைப் பத்தியா?" என்றாள். தாளைக் கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது தொடக்கம்: 'மூன்றாவது மாடி வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டியோடு என் மனைவி துவண்டு படுத்திருந்தாள்.'

"துவண்டெல்லாம் படுக்கல. உக்காந்து பக்கத்துக் கட்டில்காரம்மாகூடப் பேசிக்கிட்டிருந்தேன். படுத்தா மூச்சு முட்டும், மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. இரண்டு மாதம் நாற்காலியிலேயே தூங்கினாள். கட்டி மூச்சுக்குழாயை அழுத்திக்கொண்டிருந்தது. துவண்டு என்று எழுதினால் கதைக்கு எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அவள் பிழைத்தாளா என்று உங்களைக் கடைசி வரை பயப்படவைப்பதுதான் முறையாம். ஆனால் அவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து ஒவ்வொரு வரிக்கும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதை எங்கே ஒளிப்பது? ஒளிக்கப்போவதில்லை. பிழைத்தாள். நன்றாகவே பேசுகிறாள். வேண்டிய அளவுக்கு மேலேயே பேசுகிறாள்.

3

இது செல்போனில் படம் பார்க்கும் காலத்துக்கு முன்னால் நடந்தது. மெயில் என்றால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரி ஆபீஸில் இருந்த கம்ப்யூட்டர்களுக்குள் வெளியிலிருந்து ஏதோ குப்பை புகுந்து, இரண்டு வார நோயாளிப் பதிவு அழிந்துபோனது. அதனால் ஒரு கம்பெனியைப் பிடித்து ஃபயர்வால் போடச் சொன்னார்கள். கம்பெனிக்காரர்கள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் சுவிட்ச் ரூமில் வைத்தார்கள். பூட்டு உள்ள அறை அது ஒன்றுதான், சாவி என்னிடம்தான் இருந்தது. வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மீதி வேலையெல்லாம் போனில். அங்கேயிருந்து ஒருவன் சொல்வான், இங்கே நான் செய்வேன். வாய் அவனுடையது, கை என்னுடையது.

அந்தப் பெட்டியை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். படித்தவர்கள் மன்னிக்கவும், அல்லது மன்னிக்க வேண்டாம்.

பெட்டிக்குள் இரண்டு கார்டு. ஒன்றிலிருந்து ஒயர் ஆஸ்பத்திரிக்குள் போகிறது. இன்னொன்றுக்கு வெளி உலகத்திலிருந்து ஒயர் வருகிறது. எந்தெந்த எண்கள் உள்ளே இருப்பவை என்று பெட்டிக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். பட்டியலில் இருந்தால் நம்ம ஆள். இல்லையென்றால் வெளியாள். பெட்டியின் மொத்த அறிவும் அந்தப் பட்டியல்தான். எனக்கு உடனே பிடித்துப்போனது. மனிதர்களிடம் நானும் அப்படித்தான். (இந்த இடத்தில் வீட்டுக்காரி ஓரத்தில் பென்சிலால் 'நிஜம்' என்று எழுதியிருக்கிறாள்.)

இன்னொன்று. மாடியில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அந்தப் பட்டியலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். யாரோடாவது பேச வேண்டுமென்றால் முதலில் நகலைப் பார்க்கும். நம்ம ஆள் என்றால் தானே நேராகப் போய்த் தேடும். வெளியாள் என்றால் பெட்டியிடம் வந்து, 'நீ போய் வாங்கிக் கொண்டு வா' என்று கேட்கும். இந்த ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கதை இதன் மேல்தான் நிற்கிறது.

இனி, போனில் பேசியவன். அவன் பெயர் எனக்குத் தெரியாது. வாய்க்கு வாய் "கேக்குதா?" என்பான். அதனால் நான் வைத்த பெயர் 'கேக்குதா'. முதல் முறை எழுதியபோது அவனைத் திமிர் பிடித்தவனாக எழுதியிருந்தேன். 'ஏய் பெரியவரே, சொன்னதைச் செய்யும்' என்றெல்லாம் பேசவைத்தேன். அப்படி ஒரு நாளும் அவன் பேசியதில்லை. நிஜத்தில் அவன், "அய்யா, கேக்குதா? மெதுவா பண்ணுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல," என்பான். மரியாதையாகப் பேசுகிறவனை நான் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகப்படுவேன். அதனால் அவன் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்தேன். நாளைக்கு, 'நான் அப்படிச் சொல்லவேயில்லை' என்றானானால் காட்ட வேண்டும் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் காலியாக இருந்த நேரத்தில், இருவரும் பட்டியலை எழுதி முடித்தோம். பெட்டி ஓடத் தொடங்கியது. மறுநாள் என் மனைவிக்கு ஆபரேஷன்.

4

திங்கட்கிழமை காலை ஒன்பதரை. நான் லிஃப்ட்டை நிறுத்தி, 'பழுது பார்க்கப்படுகிறது' என்று பலகை மாட்டி, தண்டவாளத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து பெரிய சிஸ்டர் (மூன்றாவது மாடிக்குத் தலைமை நர்ஸ், குரல் நான்கு மாடிக்குக் கேட்கும்) படியில் நின்று கத்தினார்.

"அண்ணே! மெயில் வரல!"

"நெட்டு வருதா?"

"அதெல்லாம் வருது. இப்பத்தான் மழை வருமான்னு பார்த்தேன். மெயில் மட்டும் சுத்திக்கிட்டே நிக்குது. அண்ணியோட ரிப்போர்ட் அதுலதான வரணும்?"

கிரீஸ் டப்பாவை அப்படியே போட்டுவிட்டுப் படியேறினேன்.

சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து வேறு ஊர் லேபுக்கு அனுப்பியிருந்தார்கள். அது எந்த மாதிரிக் கட்டி என்று படத்தோடு எழுதி மெயிலில் அனுப்புவார்கள். அதைப் பார்த்துத்தான் சர்ஜன் முடிவு செய்வார்: கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பியில் பாதியை எடுப்பதா, முழுதாக எடுப்பதா. முழுதாக எடுத்தால் ஆயுசுக்கும் மாத்திரை. குரல் நரம்புக்கும் ஆபத்து அதிகம். அந்த சர்ஜன் மாதத்துக்கு ஒரு நாள்தான் வருவார். அந்த நாள் அதுதான்.

அவரை வராந்தாவில் பிடித்தேன்.

"பன்னெண்டுக்குள்ள என் கையில இருக்கணும். இல்லாட்டி அடுத்த மாசம்."

"டாக்டர், அடுத்த மாசம் வரைக்கும் அவ உக்காந்தே தூங்கணும். லேபுக்கு போன் போட்டுக் கேட்டுச் சொன்னா ஆகாதா?"

அவர் என் கிரீஸ் கையைப் பார்த்தார். "போன்ல ஒருத்தர் சொன்னாருன்னு நீங்க லிஃப்ட் கம்பியை வெட்டுவீங்களா?"

சரிதான். நான் அவரிடத்தில் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். அந்த ஆஸ்பத்திரியில் நான் நம்பிய ஒரே ஆள் அவர்தான். அதுவும் அந்த நிமிஷத்திலிருந்துதான்.

* வெளியே ஒரு நெட் கடையில் போய் மெயிலைப் பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். பெரிய சிஸ்டரின் மெயிலுக்குக் கடவுச்சொல் என்ன என்று பெரிய சிஸ்டருக்கே தெரியாது. கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்திருந்தது. ஃபேக்ஸ் இருந்தது. அதில் எந்தப் படம் வந்தாலும் கரி பூசிய மாதிரித்தான் வரும். போதுமா?

5

போனில் 'கேக்குதா'.

"அய்யா, கேக்குதா? மெயில் கதவு ரெண்டும் திறந்துதான் இருக்கு. உள்ள வர்றதுக்கு ஒண்ணு, வெளிய போறதுக்கு ஒண்ணு. இங்க இருந்து பாத்தா எல்லாம் சரியாத்தான் தெரியுது."

"சரியா இருந்தா ஏன் வரல?"

"அதான் புரியல அய்யா. அவசரம்னா ஒண்ணு செய்யலாம். வார்டு கம்ப்யூட்டரைக் கீழ கொண்டு வந்து, வெளி ஒயரைப் பெட்டியில இருந்து உருவி, நேரா அதுல சொருகிடுங்க. நான் ஒரு நம்பர் தர்றேன். பத்து நிமிஷ வேலை. மெயிலை எடுத்துட்டு மறுபடியும் பழைய மாதிரி மாத்திடலாம்."

மணி பத்து நாற்பது. சொருகியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில்தான் மூன்றாவது மாடிக்கு வந்துபோன எல்லோருடைய வியாதியும் இருந்தது. யாருக்கு எங்கே என்ன கட்டி, யாருக்கு எத்தனை கரு கலைந்தது, எல்லாம். அதைத் தூக்கித் தெருவில் வைத்து, பத்து நிமிஷம்தான், யாரும் பார்க்காதீர்கள் என்று சொல்வதா? மேலும் இந்த ஆஸ்பத்திரியில் பத்து நிமிஷம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மோட்டார் ரூமுக்குக் கதவு உடைந்தபோது, இரண்டு நாளைக்கு இருக்கட்டும் என்று ஒரு பிளைவுட் பலகையைச் சாத்திவைத்தேன். பதினொரு வருடமாக அதுதான் கதவு.

"பதினொன்றரை வரைக்கும் நான் தேடறேன். அதுக்குள்ள ஆகலன்னா நீ சொன்னபடி கழட்டறேன்," என்றேன்.

"அம்மாவுக்கு ஆபரேஷன்னு சொன்னீங்களே அய்யா?"

"அதனாலதான் சொல்றேன். அவ பேரும் அந்தக் கம்ப்யூட்டர்லதான இருக்கு."

இந்த இடத்தைப் படித்ததும் வீட்டுக்காரி கண்ணாடியைக் கழற்றினாள். "அப்ப என் கழுத்தை வெச்சு அம்பது நிமிஷம் ஆடிப் பாத்திருக்கீங்க."

"உன் மானத்தையும்தான் காப்பாத்தினேன்."

"எனக்குக் கட்டி இருந்தது ஊருக்கே தெரியும். அதுல என்ன மானம்?"

இவளை வைத்துக்கொண்டு வீரக்கதை எழுத முடியாது.

6

திரையில் பட்டியலைத் திறந்தேன். மூன்று வரி. ஒவ்வொரு வரியிலும் இந்த எண் முதல் அந்த எண் வரை என்று இருந்தது. நான் திரையை நம்ப மாட்டேன், அதனால் நோட்டில் பெரிது பெரிதாக எழுதினேன்.

192.168.1.0 முதல் 192.168.1.255 வரை. பழைய கட்டடம்.
192.168.2.0 முதல் 192.168.2.255 வரை. புதுக் கட்டடம்.
203.0.113.0 முதல் 203.0.113.255 வரை.

மூன்றாவது வரி எந்தக் கட்டடம்? எங்களுக்கு இருப்பதே இரண்டு கட்டடம்தான்.

இண்டர்காமில் பெரிய சிஸ்டரைக் கூப்பிட்டேன். "சிஸ்டர், மெயில் எங்க இருந்து வருதுன்னு உங்க கம்ப்யூட்டர்ல ஒரு நம்பர் போட்டிருக்கும். படிங்க."

"எங்க?"

நான் சொன்ன இடத்தைத் திறந்து படித்தார். "இருநூத்தி மூணு. புள்ளி. பூஜ்யம். புள்ளி. நூத்திப் பதிமூணு. புள்ளி. நாப்பது."

நாற்பது என்பது பூஜ்யத்துக்கும் இருநூற்று ஐம்பத்தைந்துக்கும் நடுவில் வருகிறது. இதைக் கண்டுபிடிக்க எட்டாவதுகூட வேண்டாம், மூன்றாவது போதும்.

போனை எடுத்தேன். "தம்பி, ஒண்ணு கேக்கறேன், ஆமா இல்லன்னு மட்டும் சொல்லு. ஒரு நம்பர் இந்தப் பட்டியலுக்குள்ள இருந்தா, மாடி கம்ப்யூட்டர் பெட்டிகிட்ட வருமா, வராதா?"

"வராது அய்யா. உள்ளதான் இருக்குன்னு நினைச்சு நேரா தேடும்."

அவ்வளவுதான், எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மெயில் இருப்பது வேறு ஊரில். ஆனால் பட்டியல் அதை நம்ம ஆள் என்கிறது. வார்டு கம்ப்யூட்டர் அதை நம்பி, இல்லாத ஆளை ஆஸ்பத்திரிக்குள்ளேயே வராந்தா வராந்தாவாகத் தேடிக்கொண்டிருக்கிறது. பெட்டியிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டால் போதும், கொண்டுவந்து கொடுத்துவிடும். கேட்கவில்லை. பெட்டி சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதைவிடக் கொடுமை, வெளியே அந்தத் தெருவில் இருக்கும் அத்தனை பேரையும் வீட்டு ஆட்கள் என்று எழுதிவைத்திருக்கிறது. பாதுகாப்புக்கு வைத்த பெட்டி!

யாரோ அந்த மூன்றாவது வரியைச் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

(மேலே உள்ள வாக்கியத்தை வீட்டுக்காரி பென்சிலால் வட்டமிட்டிருக்கிறாள். பிறகு வருகிறேன்.)

வரியைத் தொட்டு, நீக்கு என்பதை அமுக்கினேன். ஒரு கட்டம் வந்தது. அதில் இருந்ததை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை கூட்டிப் படித்தேன். நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று கேட்டது. அதன் பிறகுதான் 'சரி'. என் வாழ்க்கையில் இவ்வளவு தெரிந்து அமுக்கிய 'சரி' இன்னொன்று இல்லை.

"மூணாவது வரியை எடுத்துட்டேன்," என்றேன் போனில்.

அவன் கேக்குதா என்றுகூடக் கேட்கவில்லை. பிறகு, "நல்லது அய்யா," என்றான்.

* மெயில் வராதபோது மழைப் பக்கம் மட்டும் எப்படி வந்தது? அந்தப் பக்கங்களைப் பார்க்கும் நிரல், பட்டியலைப் பார்க்காமல் எப்போதும் பெட்டியிடமே கேட்கும்படி வைத்திருந்தார்கள். இது எனக்கும் மறுநாள்தான் தெரியும்.

7

மணி பதினொன்று முப்பத்தைந்து. நான் கொடுத்த கெடு தாண்டி ஐந்து நிமிஷம்.

"வரல அண்ணே!" என்று இண்டர்காம் அலறியது. "அப்படியேதான் சுத்துது!"

ஒரு கையில் போன், இன்னொரு கை வெளி ஒயரின் மேல் இருந்தது. உருவியிருப்பேன். இதை ஒளிக்கவில்லை. விரல் ஒயர் முனையில் இருக்கும் கொக்கியை அமுக்கியேவிட்டது.

"அய்யா, கேக்குதா? வார்டு மெஷின்ல பழைய நகல் இருக்கும். அணைச்சுப் போட்டா புதுசை எடுத்துக்கும்!"

நகல்! மூன்றாவது பகுதியிலேயே மனதில் வையுங்கள் என்று உங்களிடம் சொன்னேன். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானேதான் மறந்தேன். ஒயரை விட்டேன். ஓடினேன். லிஃப்ட்டை நிறுத்தி வைத்தவன் நான், பலகை மாட்டியவனும் நான், அதைத் திட்டிக்கொண்டே அறுபத்திரண்டு படி ஏறியவனும் நானேதான்.

"சிஸ்டர், அணைங்க!"

"என்னது அணைக்கறதா? காலையில இருந்து அடுத்த மாச டியூட்டி லிஸ்ட் அடிச்சுக்கிட்டிருக்கேன்."

"சேமிச்சீங்களா?"

"அதை முடிச்சாத்தான பண்ணுவேன்?"

"சேமிங்க, அணைங்க!"

"நீங்க மூச்சு விடுங்க அண்ணே முதல்ல. உங்களுக்கும் ஒரு கட்டில் போடவா?" என்று சொல்லிக்கொண்டே சேமித்தார், அணைத்தார்.

கம்ப்யூட்டர் எழுந்திருக்க அந்தக் காலத்தில் நாலு நிமிஷம். நாலு நிமிஷமும் நான் நின்றேன். ஜன்னலோரக் கட்டிலில் என் மனைவி உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். என்ன என்று தலையை அசைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை என்று நானும் அசைத்தேன்.

சிஸ்டர் அமுக்கினார். சுற்றியது. சுற்றியது. நின்றது.

ஒன்று. இரண்டு. ஐந்து. பதினேழு மெயில். திமுதிமுவென்று வந்து விழுந்தன. மருந்துக் கம்பெனி, மருந்துக் கம்பெனி, யாருக்கோ பிறந்தநாள், மருந்துக் கம்பெனி, லேப்.

"வந்துருச்சு!" சிஸ்டர் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். நான் கத்தவில்லை. கத்த மூச்சு இல்லை. ஆனால் எழுதும்போது கத்துகிறேன்: வந்தது! எட்டாவது படித்தவன், எழுத்துக்கூட்டிப் படிப்பவன், பெட்டியைத் திறக்காமல், தெருவில் ஒன்றையும் வைக்காமல், ஒரே ஒரு வரியை எடுத்து வரவைத்தேன். பெட்டி அதன் இடத்தில் இருந்தது. ஒயர் அதன் இடத்தில் இருந்தது. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

சர்ஜன் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். கடைசி எழுத்துவரை படித்தார். நான் பக்கத்தில் நின்று கவனித்தேன். "பாதி போதும்," என்றார்.

பாதி போதும்! மாத்திரை இல்லை. குரல் முழுதாக இருந்தது. அன்று ராத்திரி அவள் இரண்டு மாதத்துக்குப் பிறகு படுத்துத் தூங்கினாள்.

8

இங்கே முடித்துவிடலாம் என்றிருந்தேன். மூன்று முடிவு எழுதிவைத்திருந்தேன். ஒன்றில் ஆஸ்பத்திரி முதலாளி கைகொடுக்கிறார். (கொடுக்கவில்லை. லிஃப்ட் ஏன் இன்னும் ஓடவில்லை என்று கேட்டார்.) இன்னொன்றில் நான் மாப்பிள்ளைக்கு அறிவுரை சொல்கிறேன். மூன்றாவதில் பெட்டியின் பச்சை விளக்கு என்னைப் பார்த்துக் கண்— வேண்டாம்.

வீட்டுக்காரி எல்லாத் தாளையும் அடுக்கி, ஆறாவது பகுதியை மேலே வைத்தாள். வட்டமிட்ட வாக்கியத்தில் விரலை வைத்தாள்.

"இந்த 'யாரோ' யாரு?"

"யாரோதான்."

"ஞாயித்துக்கிழமை அந்த ரூம்ல எத்தனை பேர் இருந்தீங்க?"

ஒரு ஆள்தான். இந்த வாக்கியத்தை மூன்று தடவை அடித்து எழுதினேன். இருக்கட்டும், எழுதிவிடுகிறேன். மூன்றாவது வரியைப் போட்டது நான்.

ஞாயிற்றுக்கிழமை திரையில் ஒரு கட்டம் வந்தது. எந்தக் கார்டின் எண்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டது. இரண்டு கார்டு, பக்கத்தில் இரண்டு குட்டிச் சதுரம். படித்தேன். இரண்டிலும் குறி போட்டேன்.

காரணம் உண்டு. கரண்ட் போர்டுக்கு அட்டவணை எழுதுகிறவன், உள்ளே போகும் ஒயர்களை மட்டும் எழுதிவிட்டு வெளியிலிருந்து வரும் மெயின் ஒயரை விட்டுவிட்டான் என்றால், அடுத்து வருகிறவன் எல்லாவற்றையும் அணைத்தாயிற்று என்று நம்பிக் கையை வைப்பான். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு வலது கையில் மூன்று விரல் அப்படித்தான் போயிற்று. அறைக்குள் வருகிற எந்த ஒயரும் பட்டியலுக்கு வெளியே நிற்கக் கூடாது. இது என் தொழில். அதனால் வெளிக் கார்டையும் சேர்த்தேன். எங்களுக்கு நெட் கொடுத்தவர்களே மெயிலும் கொடுத்தார்கள், அதனால் மெயிலின் எண்ணும் அந்தக் கார்டின் தெருவிலேயே இருந்தது. பெருமையாகவே சேர்த்தேன்.

"படிச்சுட்டுத்தான் போட்டேன்," என்றேன். "மாப்பிள்ளை மாதிரிப் படிக்காம அமுக்கல."

"படிச்சுட்டுத் தப்புப் பண்ணினா அது தப்பு இல்லையா?"

"அது வேற."

"சரி, வேற." தாளை ஒழுங்குபடுத்தினாள். "அந்தத் தம்பி மறுநாள் வார்டுக்கு போன் பண்ணுச்சு. அது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது.

"சிஸ்டர் இல்ல. மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, நான் போய் எடுத்தேன். தொண்டையில கட்டு, பேச முடியாது. 'ம்'னேன். அது நான்தான் சிஸ்டர்னு நினைச்சுக்கிச்சு. 'சிஸ்டர், பெரியவர்கிட்ட சொல்லிடுங்க. மூணாவது வரி எப்படி வந்துச்சுன்னு எங்க ஆபீஸ்ல கேட்டாங்க. உள் கார்டு மட்டும்தான்னு அவர்கிட்ட நான் சொல்ல மறந்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன். அவர் கவலைப்பட வேணாம்'னு சொல்லுச்சு."

யோசித்துப் பார்த்தேன். அடுத்த மாதத்திலிருந்து கம்பெனிக்கு போன் போட்டால் வேறு குரல் வந்தது. அவனுக்கு வேறு இடம் கொடுத்திருப்பார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"டாக்டர் பேசக் கூடாதுன்னு சொல்லியிருந்தாரு."

"இருபது வருஷமாவா?"

"நீங்களே ஒருநாள் சொல்வீங்கன்னு இருந்தேன்," என்றாள். "இப்ப எழுத உக்காந்தப்பவும் 'யாரோ'ன்னுதான எழுதினீங்க."

9

ஆகவே கதை இப்போது என் கையில் இல்லை.

அவன் நிஜமாகவே சொல்ல மறந்தானா, அல்லது சொல்லியிருந்தும் என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டானா? ஒரு தடவைகூட முகம் பார்க்காத ஆளுக்காக எவனாவது அப்படிச் செய்வானா? எனக்கு ஞாபகம் இல்லை. வீட்டுக்காரி, "போட்டுக்கிட்டுத்தான் இருப்பான், பாவம்," என்கிறாள். அவளுக்கு எல்லோரும் நல்லவர்கள்.

இதற்கு விடை இல்லாமல் இல்லை. அவன் சொன்னதையெல்லாம் நான் எழுதிவைத்த நோட்டு, இரும்பு அலமாரியில் பழைய பில்லுகளுக்கு அடியில் இருக்கிறது என்று நினைத்தேன். இல்லை. சற்று முன் அதை அவள் எடுத்துவந்து இந்தத் தாள்களின் மேல் வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் பென்சிலைச் செருகியிருக்கிறாள்.

அந்தப் பக்கத்தில் 'உள் கார்டு மட்டும்' என்று என் கையெழுத்தில் இருந்தால், அவன் சொல்லியிருக்கிறான், நான் கேட்கவில்லை. அது ஒரு முடிவு. இல்லாவிட்டால் அவன் மறந்தது நிஜம், தப்பில் அவனுக்கும் பாதி உண்டு. அது இன்னொரு முடிவு. இரண்டில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் மெயில் வந்தது, பட்டியலில் நான் வேலையை விடும்வரை இரண்டே வரிதான் இருந்தது, என் வீட்டுக்காரி முழுக் குரலில் பேசுகிறாள். இதை மாற்ற எந்த நோட்டாலும் முடியாது.

"படிக்கட்டுமா?" என்கிறாள்.

"வேணாம்."

"எதையும் படிக்காம விட மாட்டீங்களே."

"அதுல இல்லன்னா மட்டும்? அவன் சொன்னது எல்லாத்தையும் நான் எழுதினேன்னு யார் கண்டா?"

"எழுதினது நீங்கதான்!"

"அதனாலதான் சொல்றேன்."

சிரிக்கிறாள். இந்த வரியை எழுதும்போது எழுந்துவிட்டேன், நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். ஒரு கால் செருப்புக்குள் இருக்கிறது.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"மோட்டார் ஓடுதான்னு பாக்க."

"இப்பத்தான நான் நிறுத்திட்டு வந்தேன்."

"நீ நிறுத்தினேன்னா நான் நம்பிடணுமா?"

பேனாவை வைக்கிறேன். நோட்டு அங்கேயே இருக்கட்டும்.